குரோமின் முதல் சோதனைப் பதிப்பு: என்ன புதுமை, என்ன குறை?

2008 செப்டம்பர் 2 அன்று கூகுள் நிறுவனம் குரோம் என்னும் இணைய உலாவியின் முதல் சோதனைப் பதிப்பை வெளியிட்டது. பதிப்பு எண் 0.2 என்றே தொடங்கியது. விண்டோஸ் எக்ஸ்பி, விஸ்டா கணினிகளில் மட்டுமே அது ஓடியது. மேக், லினக்ஸ் பயனர்கள் காத்திருக்க வேண்டியிருந்தது. இன்று எந்த உலாவியைத் திறந்தாலும் இயல்பாகத் தென்படும் பல வசதிகள் இந்த அரைகுறைப் பதிப்பிலேயே இருந்தன.

அப்போது உலகின் பெரும்பாலான கணினிகளில் மைக்ரோசாஃப்ட்டின் இன்டர்நெட் எக்ஸ்புளோரர்தான் இருந்தது. மொசில்லாவின் ஃபயர்ஃபாக்ஸ் 3 அதே ஆண்டு ஜூனில் வெளிவந்து, ஒரே நாளில் 80 லட்சத்துக்கும் மேற்பட்ட முறை பதிவிறக்கப்பட்டுக் கின்னஸ் சாதனை படைத்திருந்தது. இத்தகைய சூழலில் இன்னொரு உலாவி எதற்கு என்ற கேள்வி எழுந்தது இயல்பே. கூகுள் அதற்கு 38 பக்கச் சித்திரக்கதை ஒன்றின் வழியாக விடை சொன்னது. ஸ்காட் மெக்ளவுட் வரைந்த அந்தக் கதையில் குரோமை உருவாக்கிய பொறியாளர்களே பாத்திரங்களாக வந்து, ஒவ்வொரு பகுதியும் ஏன் அப்படி அமைக்கப்பட்டது என்று விளக்கினார்கள்.

அவர்களுடைய வாதத்தின் சாரம் எளிமையானது. தொடக்க கால இணையப் பக்கங்கள் எழுத்தும் படமும் கொண்ட ஆவணங்கள். 2004இல் ஜிமெயிலும் 2005இல் கூகுள் மேப்ஸும் வந்த பிறகு, பக்கம் என்பது படிக்கும் தாளாக இருந்த நிலை மாறி, வேலை செய்யும் நிரலாக ஆகிவிட்டது. உலாவிகளின் உள்கட்டமைப்போ ஆவணங்களைக் காட்டும் காலத்திலேயே நின்றுவிட்டது. பல நிரல்கள் ஒரே நேரத்தில் ஓடும் இடமாக உலாவியை அடியிலிருந்து கட்ட வேண்டும் என்பதே குரோமின் கொள்கை. அதன் முக்கிய வசதிகள் இந்த ஒரு முடிவிலிருந்து பிறந்தவை.

டேப்புக்குத் தனி இயக்கம்

அக்காலத்து உலாவிகளில் பத்து டேப்கள் திறந்திருந்தாலும் அவை அனைத்தும் ஒரே புராசஸாக, அதாவது இயங்குதளத்தின் கண்ணில் ஒரே நிரலாக, ஓடின. ஒரு பக்கத்தில் சிக்கல் வந்தால் மொத்த உலாவியும் மூடிக்கொள்ளும். பாதி எழுதிய மின்னஞ்சலும் போய்விடும். வீடு முழுவதற்கும் ஒரே ஃபியூஸ் வைத்ததுபோன்ற அமைப்பு அது. குரோம் அறைக்கொரு ஃபியூஸ் வைத்தது. பொதுவாக ஒவ்வொரு டேப்புக்கும் தனிப் புராசஸ். ஃபிளாஷ் போன்ற பிளக்இன்களுக்கு வேறு புராசஸ். இவற்றையெல்லாம் மேற்பார்வையிட ஒரு தலைமைப் புராசஸ். ஒரு டேப் செயலிழந்தால் அதில் மட்டும் ஒரு சோக முகம் தோன்றும். மற்றவை தொடர்ந்து ஓடும்.

இதன் துணைவிளைவாக, உலாவிக்குள்ளேயே ஒரு டாஸ்க் மேனேஜர் வந்தது. எந்தப் பக்கம் எவ்வளவு நினைவகத்தை எடுத்துக்கொள்கிறது என்று பயனரே பார்த்து, தொல்லை தருவதை மட்டும் நிறுத்த முடிந்தது. இந்த அமைப்புக்கு விலையும் உண்டு. ஒவ்வொரு புராசஸும் தனக்கென நினைவகம் கேட்பதால், குறைந்த திறன் கொண்ட கணினிகளில் பாரம் கூடியது. ஆனால் ஒரு டேப்பை மூடியதும் அதன் நினைவகம் முழுவதும் விடுபட்டது; நாள் முழுக்கத் திறந்திருக்கும் உலாவி மெல்ல மெல்லக் கனத்துப்போகும் பழைய சிக்கல் இதனால் குறைந்தது. அதே காலத்தில் சோதனையில் இருந்த இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 8உம் டேப்களைப் பிரிக்கும் முயற்சியில் இறங்கியிருந்தது.

பாதுகாப்பு வேலி

புராசஸ்களைப் பிரித்ததன் அடுத்த பயன் பாதுகாப்பு. இணையப் பக்கத்தைக் கையாளும் புராசஸின் உரிமைகளை குரோம் பறித்துக்கொண்டது. சாண்ட்பாக்ஸ் எனப்படும் இந்த வேலிக்குள் இருக்கும் புராசஸால் கணினியின் கோப்புகளைத் தானாகப் படிக்கவோ எழுதவோ முடியாது. தேவைப்பட்டால் தலைமைப் புராசஸிடம் கேட்க வேண்டும். தீய நோக்குள்ள பக்கம் ஒன்று உலாவியில் உள்ள பிழையைப் பயன்படுத்தி உள்ளே நுழைந்தாலும், அந்த வேலியைத் தாண்டினால்தான் கணினியைக் கைப்பற்ற முடியும். முதல் பதிப்பில் பிளக்இன்கள் மட்டும் இந்த வேலிக்கு வெளியே இருந்தன.

வேகம் தந்த வி8

நிரல்களாக மாறிய பக்கங்களின் உயிர்நாடி ஜாவாஸ்கிரிப்ட். லார்ஸ் பாக் தலைமையில் டென்மார்க்கின் ஆர்ஹுஸ் நகரில் ஒரு சிறு குழு, குரோமுக்காக வி8 என்ற ஜாவாஸ்கிரிப்ட் எஞ்சினைப் புதிதாக எழுதியது. பழைய எஞ்சின்கள் நிரலை ஓட்டும்போதே அடி அடியாகப் பொருள் கொண்டு செயல்படுத்தின. வி8 அதை நேரடியாகக் கணினியின் இயந்திர மொழிக்கு மாற்றி ஓட்டியது. மொசில்லாவும் ஆப்பிளும் அதே ஆண்டில் தங்கள் எஞ்சின்களை வேகப்படுத்திக்கொண்டிருந்தன; அந்தப் போட்டியில் உலாவிகள் அனைத்தும் சில ஆண்டுகளில் பல மடங்கு வேகம் பெற்றன. 2009இல் உருவான நோட்.ஜேஎஸ், வி8ஐ உலாவிக்கு வெளியே சர்வர்களுக்கும் கொண்டுசென்றது.

கண்ணுக்குத் தெரிந்த மாற்றங்கள்

பயனர் முதலில் கவனித்தது எளிமையை. டேப்கள் சாளரத்தின் உச்சிக்குப் போயின. ஒரு டேப்பை இழுத்து வெளியே விட்டால் அது தனிச் சாளரமானது. முகவரிப் பெட்டியும் தேடல் பெட்டியும் இணைந்து ஆம்னிபாக்ஸ் ஆயின. புதிய டேப்பைத் திறந்தால், அடிக்கடி பார்க்கும் ஒன்பது தளங்களின் சிறு படங்கள் வரிசையாக நின்றன. ஓபரா உலாவி 2007இல் அறிமுகப்படுத்திய ஸ்பீடு டயல் இதற்கு முன்னோடி.

இன்காக்னிட்டோ சாளரமும் முதல் பதிப்பிலேயே இருந்தது. ஆப்பிளின் சஃபாரியில் 2005 முதலே இத்தகைய வசதி உண்டு. இன்காக்னிட்டோ சாளரத்தை மூடியதும், பார்த்த பக்கங்களின் பதிவும் குக்கீகளும் கணினியிலிருந்து நீங்கிவிடும். ஆனால் பதிவிறக்கிய கோப்புகள் தங்கிவிடும். இணைய இணைப்பு தரும் நிறுவனத்தின் கண்ணுக்கும் அலுவலக நெட்வொர்க்கின் கண்ணுக்கும் எதுவும் மறையாது. இந்த வரம்பை அறியாமல் இதை முழு மறைப்பு என்று நம்புவது இன்றுவரை பலர் செய்யும் தவறு.

சோதனையில் வெளிப்பட்ட குறைகள்

முதல் பதிப்பில் எக்ஸ்டென்ஷன்கள் எனப்படும் கூடுதல் வசதி நிரல்களுக்கு இடமே இல்லை. பக்கங்களை வரைந்து காட்ட குரோம் பயன்படுத்தியது சஃபாரியின் அடித்தளமான வெப்கிட். அதன் பழைய பதிப்பை எடுத்துக்கொண்டதால், சஃபாரியில் அதற்குள் சரிசெய்யப்பட்டுவிட்ட ஒரு பாதுகாப்புப் பிழை குரோமில் இருந்தது. வெளியான சில நாள்களில் அது திருத்தப்பட்டது. உலாவி வழியே பயனர் இடும் உள்ளடக்கத்தின் மீது நிறுவனத்துக்கு விரிந்த உரிமை தருவதுபோல் அமைந்த ஒப்பந்த விதி ஒன்று கடும் எதிர்ப்புக்குப் பின் நீக்கப்பட்டது. ஆம்னிபாக்ஸில் தட்டும் எழுத்துகள் பரிந்துரைக்காகத் தேடுபொறிக்குப் போவதும் தனியுரிமைக் கேள்விகளை எழுப்பியது. இவையெல்லாம் உரிய நேரத்தில் வெளியே வந்ததற்குக் காரணம், மென்பொருள் முதிரும் முன்பே பலர் கைக்குப் போனதுதான்.

அதே ஆண்டு டிசம்பர் 11 அன்று விண்டோஸுக்கான குரோம் பீட்டா எனப்படும் சோதனை நிலையைக் கடந்தது. எக்ஸ்டென்ஷன் வசதி 2010 ஜனவரியில் நிலைப்பதிப்புக்கு வந்தது. மேக், லினக்ஸ் நிலைப்பதிப்புகள் அதே ஆண்டு மே மாதம் வந்தன. மதுரையில் பிறந்து சென்னையில் வளர்ந்த சுந்தர் பிச்சை, இத்திட்டத்தை முன்னின்று நடத்தியவர்களுள் ஒருவர். 2015இல் கூகுளின் தலைமைச் செயல் அதிகாரியானார்.

இன்றைய சோதனைப் பதிப்புகள்

இப்போது குரோமின் புதிய வசதிகள் கேனரி, டெவ், பீட்டா என்ற படிகளைக் கடந்தே பொதுப் பதிப்புக்கு வருகின்றன. கேனரி பெரும்பாலும் அன்றாடம் மாறும். பீட்டா ஓரளவு நிலைபெற்றது. ஃபயர்ஃபாக்ஸில் நைட்லி, பீட்டா எனப் படிகள் உண்டு. இவற்றை முயன்று பார்க்க விரும்புவோர், வழக்கமான உலாவியை நீக்காமல் பக்கத்தில் தனியாக நிறுவிக்கொள்வது நல்லது. வங்கிக் கணக்கு, அலுவலகப் பணி போன்றவற்றை அதில் செய்யாமலிருப்பதும், கண்ட பிழைகளை உருவாக்குநர்களுக்குத் தெரிவிப்பதும் அவசியம்.

தோற்றத்தில் வரும் புதுமைகளைப் போட்டியாளர்கள் விரைவில் எடுத்துக்கொண்டுவிடலாம். அடித்தளத்தில் வரும் மாற்றத்துக்கு ஆண்டுகள் பிடிக்கும். பல புராசஸ் அமைப்பு ஃபயர்ஃபாக்ஸின் சாதாரணப் பயனர்களைச் சென்றடையத் தொடங்கியது 2016இல்தான். குரோமுக்காகத் திறந்த மூலமாக வெளியிடப்பட்ட குரோமியத்தின் மீது ஓபரா 2013இலும் மைக்ரோசாஃப்ட் எட்ஜ் 2020இலும் தங்களை மாற்றியமைத்துக்கொண்டன. ஒரு சோதனைப் பதிப்பை மதிப்பிடும்போது பொத்தான் எங்கே நகர்ந்தது என்பதைவிட, உள்ளே எது புதிதாகக் கட்டப்பட்டது என்று பார்ப்பதே சரியான அளவுகோல்.