'டெலிரியம்' என்று மருத்துவர் எழுதினால்

அறுவை சிகிச்சைக்காகவோ காய்ச்சலுக்காகவோ மருத்துவமனையில் தங்கியிருக்கும் முதியவர் ஒருவர், இருக்கும் இடம் தெரியாமல் திடீரெனப் பேசுவதும், இல்லாத ஆட்களைக் காண்பதும், டிரிப்ஸ் குழாயைப் பிடுங்குவதும் உண்டு. செவிலியர் இதனைக் 'கன்ஃப்யூஷன்' என்பார். மருத்துவர் கேஸ் ஷீட்டில் 'டெலிரியம்' என்று எழுதுவார். உறவினரோ, புத்தி பேதலித்துவிட்டது என அஞ்சுவர். அல்லது வயதானால் இப்படித்தான் என்று இருந்துவிடுவர். இரண்டுமே சரியல்ல.

கன்ஃப்யூஷன் என்பது பொதுச்சொல். மனம் தடுமாறுகிறது என்பதை மட்டும் அது சொல்லும். டெலிரியம் என்பதோ வரையறையுள்ள மருத்துவச் சொல். உழும்போது ஏர் சாலை விட்டு விலகிப் போவதைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து இது பிறந்தது. விலகிய ஏரை மீண்டும் சாலில் நிறுத்த இயலும் என்பதையும் நாம் நினைவிற் கொள்ளலாம். கடுங்காய்ச்சலில் பிதற்றுவதை நம் வீடுகளில் 'ஜன்னி கண்டுவிட்டது' என்பார்கள். டெலிரியத்தின் ஒரு முகம் அது.

இந்நிலைக்கு மூன்று அடையாளங்கள் முதன்மையானவை. முதலாவது, சில மணி நேரத்திலோ ஓரிரு நாட்களிலோ தொடங்குதல். இரண்டாவது, ஒரே நாளில் கூடியும் குறைந்தும் வருதல். காலையில் தெளிவாக இருந்தவர் மாலையில் தடுமாறுவார். மூன்றாவது, கவனம் நிலைகொள்ளாமை. கிழமைகளைப் பின்னிருந்து சொல்லச் சொன்னால் பாதியில் விட்டுவிடுவார். டிமென்ஷியா எனப்படும் மறதிநோய் மாதங்களாக, ஆண்டுகளாக மெல்ல வளர்வது. ஆனால் மறதிநோய் உள்ளவருக்கு டெலிரியம் எளிதில் வரும் என்பதையும் அறிதல் வேண்டும்.

கூச்சலிடுபவரை எல்லோரும் கவனிப்பர். ஓசையின்றி வரும் டெலிரியமும் உண்டு. நோயாளி சோர்ந்து, பேச்சுக் குறைந்து, உணவை வாயில் வைத்தபடியே தூங்கிவிடுவார். "நன்றாக ஓய்வெடுக்கிறார்" என்று எண்ணி இதனைத் தவறவிடுவதே மிகுதி.

டெலிரியம் மனநோயன்று, உடலில் எங்கோ உள்ள கோளாற்றை மூளை அறிவிக்கும் முறை. சிறுநீர்த் தொற்று, நிமோனியா, நீரிழப்பு, இரத்தத்தில் சோடியமோ சர்க்கரையோ மாறுபடுதல், சிறுநீர் அடைப்பு, மலச்சிக்கல், தணியாத வலி, தூக்க மாத்திரை, சளிக்குத் தரும் சில மாத்திரைகள், வழக்கமாகக் குடிப்பவர் மதுவைத் திடீரென நிறுத்துதல் ஆகியன பொதுவான காரணங்கள். காரணத்தைக் கண்டறிந்து நீக்குவதே சிகிச்சை. பெரும்பாலோர் சில நாட்களில் தெளிவடைவர். சிலருக்கு வாரங்களோ மாதங்களோ ஆகலாம். காலந்தாழ்த்தினால் உயிருக்கே ஆபத்து நேரலாம்.

இதில் உறவினரின் பங்கு பெரிது. நோயாளியின் இயல்பை மருத்துவர் முன்பு கண்டதில்லை, நீங்கள் அறிவீர்கள். "இது அம்மாவின் வழக்கமான பேச்சன்று" என்னும் உங்கள் ஒரு சொல், பரிசோதனைக்கு வழிகாட்டும். மாற்றம் எப்போது தொடங்கியது, வீட்டில் உண்ட மருந்துகள் யாவை, மதுப்பழக்கம் உண்டா என்பவற்றை மறைக்காமல் உடனே தெரிவியுங்கள்.

மூக்குக்கண்ணாடி, காது கேட்கும் கருவி, பல்செட் ஆகியவற்றை வீட்டிலிருந்து கொண்டு வாருங்கள். பகலில் சன்னல் வெளிச்சமும் இரவில் அமைதியும் இருக்கட்டும். பழகிய ஒருவர் அருகில் அமர்ந்து, இடத்தையும் நாளையும் மென்மையாக நினைவூட்டட்டும். இல்லாததைக் கண்டதாக அவர் சொன்னால் வாதிட வேண்டா. அச்சத்தைத் தணித்தால் போதும். கையைக் கட்டிவைப்பது கலக்கத்தை மிகுவிக்கும். மருத்துவரைக் கேளாமல் தூக்க மாத்திரை தரலாகாது.

வீட்டில் இருக்கும் ஒருவருக்குத் திடீரென இத்தகைய தடுமாற்றம் வந்தால், விடியட்டும் என்று காத்திராமல் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு அழைத்து வாருங்கள். தெளிந்தபின், நடந்தவற்றை எண்ணி அவர் நாணக்கூடும். அது நோயின் செயல், அவருடைய குணமன்று என்று எடுத்துச் சொல்லுங்கள்.