உங்களுக்குத் தெரியுமா? இரும்புக்கையை வரைந்த கை

1972-ல் சிவகாசியிலிருந்து வந்த முத்து காமிக்ஸின் முதல் இதழ் 'இரும்புக்கை மாயாவி'. சிவகங்கை, காரைக்குடி என்று பக்கத்துச் சீமைப் பிள்ளைகளுக்கும் மாயாவியைத் தெரியும், வரைந்தவரைத் தெரியாது. மூலக்கதை 1962-ல் பிரிட்டனின் 'வேலியன்ட்' வார இதழில் தொடங்கியது. அக்கால பிரிட்டிஷ் இதழ்கள் ஓவியர் பெயரைப் போடுவதே அபூர்வம்!

மாயாவியை வரைந்தவர் ஹெசூஸ் பிளாஸ்கோ (1919–1995), ஸ்பெயினின் பார்சிலோனாக்காரர். மின்சாரம் பாய்ந்ததும் மாயாவியின் உடல் மறைந்துவிடும், இரும்புக்கை மட்டும் தெரியும். முகமே இல்லாத நாயகனை எப்படி நடிக்க வைப்பது? பிளாஸ்கோ அந்த ஒற்றைக் கையையே நடிக்க வைத்தார். விரல் மடங்குவதில் கோபம், விரிவதில் பதற்றம். சுற்றிலும் அடர்ந்த கறுப்பு மை, நடுவே உலோகத்தின் வெள்ளைப் பளபளப்பு. வண்ணமே தேவைப்படவில்லை.

கட்டம் கட்டமாகக் கதை சொல்வது நம் பக்கத்துக்குப் புதிதும் அல்ல. சிவகங்கை தனிச் சீமையாகப் பிரியும் முன்பே, ராமநாதபுரம் ராமலிங்க விலாசம் அரண்மனையின் சுவர்களில் ராமாயணமும் சேதுபதி மன்னரின் போர்களும் அடுத்தடுத்த காட்சிகளாக, சிலவற்றில் தமிழ்க் குறிப்போடு தீட்டப்பட்டுவிட்டன. அங்கும் ஓவியர்கள் யாரென்று தெரியாது.

பழைய மாயாவி இதழ் கையில் கிடைத்தால், வசனத்தை விட்டுவிட்டு ஒருமுறை படங்களை மட்டும் புரட்டிப் பாருங்கள்.