வனவிலங்குகளுக்கே முதலிடம்: அமெரிக்கப் புகலிடங்களில் மனிதர்களை வரவேற்பவரின் பணி

அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ, சான் ஹோசே விமான நிலையங்களில் இறங்கவிருக்கும் பயணிகளுக்கு, ஜன்னல் வழியே சிவப்பும் ஆரஞ்சும் பச்சையுமாகப் பெரிய பெரிய பாத்திகள் தென்படுவது வழக்கம். அவை உப்பளங்கள். உப்பு மிகுந்த நீரில் மட்டுமே செழிக்கும் நுண்ணுயிரிகளே அந்த நிறங்களுக்குக் காரணம்.

இந்தப் பாத்திகளில் கணிசமானவை இன்று 'டான் எட்வர்ட்ஸ் சான் பிரான்சிஸ்கோ வளைகுடா தேசிய வனவிலங்குப் புகலிடம்' என்ற பாதுகாக்கப்பட்ட பகுதியின் எல்லைக்குள் உள்ளன. சுமார் 30,000 ஏக்கர் பரப்புள்ள இப்புகலிடத்தைச் சுற்றி ஃப்ரீமாண்ட், நியூவர்க், சான் ஹோசே போன்ற நகரங்கள் நெருக்கமாக அமைந்திருக்கின்றன. கணினித் துறை வேலைகளுக்காக இந்தியாவிலிருந்து வந்து குடியேறியவர்கள், தமிழர்கள் உட்பட, பெருமளவில் வாழும் வட்டாரம் இது.

விடுமுறை நாளில் குழந்தைகளோடு இங்கு வரும் ஒரு குடும்பத்தை முதலில் எதிர்கொள்பவர், பழுப்பு நிறச் சீருடை அணிந்த ஓர் அரசு ஊழியர். பார்வையாளர் சேவை ரேஞ்சர் என்பது அவரது பொறுப்பின் பெயர். வருவோரை வரவேற்பதுதான் அவரது வேலை. ஆனால் அவர் வரவேற்கும் இடமோ, சட்டப்படி, மனிதர்களுக்காக ஏற்படுத்தப்பட்டதல்ல. இந்தப் பணியின் சிக்கல் அங்கிருந்தே தொடங்குகிறது.

பூங்கா வேறு, புகலிடம் வேறு

ரேஞ்சர் என்றதும் தமிழ்நாட்டில் வனச்சரகர் நினைவுக்கு வருவார். மரக்கடத்தலைத் தடுப்பது, வழக்குப் பதிவு செய்வது ஆகிய அதிகாரங்கள் உள்ளவர் அவர். அமெரிக்கப் புகலிடத்தின் பார்வையாளர் சேவை ரேஞ்சருக்கு அத்தகைய அதிகாரம் கிடையாது. துப்பாக்கி ஏந்தி, அபராதம் விதித்து, கைது செய்யும் பணிக்குத் தனியாக வனவிலங்குக் காவல் அதிகாரிகள் இருக்கிறார்கள். அவர்களின் எண்ணிக்கை குறைவு. விதியை மீறுபவரிடம் முதலில் சென்று பேசவேண்டியவர் பெரும்பாலும் ரேஞ்சர்தான். அவர் கையில் இருப்பது பேச்சு மட்டுமே.

யெல்லோஸ்டோன் போன்ற தேசியப் பூங்காக்களோடு இப்புகலிடங்களைப் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். பூங்காக்களை நிர்வகிப்பது 1916ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட தேசியப் பூங்காச் சேவை. இயற்கையைக் காப்பதும், மக்கள் அதைக் கண்டு மகிழ வழிசெய்வதும் அதன் இரட்டைக் கடமைகள். புகலிடங்களை நிர்வகிப்பதோ மீன் மற்றும் வனவிலங்குச் சேவை என்ற வேறொரு அமைப்பு. 1997ஆம் ஆண்டு நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டத்தின்படி, புகலிடங்களில் வனவிலங்குப் பாதுகாப்பே முதல் நோக்கம். அந்த நோக்கத்துக்குக் குந்தகம் விளைவிக்காது என்று புகலிட மேலாளர் எழுத்துபூர்வமாகத் தீர்மானித்தால் மட்டுமே மனிதரின் எந்த நடவடிக்கைக்கும் அனுமதி உண்டு.

அவ்வாறு பரிசீலிக்கும்போது முன்னுரிமை தரவேண்டியவை என ஆறு விஷயங்களைச் சட்டம் பட்டியலிடுகிறது. வனவிலங்குகளைப் பார்ப்பது, படம் எடுப்பது, சூழல் கல்வி, இயற்கை விளக்கம், மீன்பிடித்தல் ஆகியவற்றோடு வேட்டையும் அதில் அடக்கம்.

புகலிடம் என்று பெயர் வைத்துவிட்டு வேட்டைக்கு அனுமதிப்பதா என்ற கேள்வி, ரேஞ்சர்கள் அடிக்கடி எதிர்கொள்ளும் கேள்விகளில் ஒன்று. விடை வரலாற்றில் இருக்கிறது. 1934ஆம் ஆண்டு முதல், நீர்ப்பறவைகளை வேட்டையாடும் 16 வயதுக்கு மேற்பட்ட ஒவ்வொருவரும் ஆண்டுதோறும் 'வாத்து முத்திரை' எனப்படும் ஒரு வில்லையை வாங்கவேண்டும். இன்று அதன் விலை 25 டாலர். அந்தப் பணத்தில் 98 சதவீதம் சதுப்பு நிலங்களை வாங்கவும் பாதுகாக்கவும் செலவாகிறது. இதுவரை 60 லட்சம் ஏக்கருக்கும் அதிகமான நிலம் இவ்வாறு பாதுகாக்கப்பட்டுள்ளது. வேட்டைக்காரரின் பணத்தில் வாங்கிய நிலத்தில் பறவை ஆர்வலர் தொலைநோக்கியுடன் நிற்கிறார். ஒருவரை ஒருவர் விரும்பாத இந்த இரு தரப்பாரும் ஒரே மேசைக்குத்தான் வந்து வரைபடம் கேட்கிறார்கள். இருவருக்கும் முகம் கோணாமல் பதில் சொல்லத் தெரிந்திருக்கவேண்டும் ரேஞ்சருக்கு.

படகுத் தச்சரும் கொக்கின் இறகும்

இந்த அமைப்பு உருவானதே ஒரு காவலரிலிருந்துதான். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பெண்களின் தொப்பிகளில் பறவை இறகுகளைச் சூடும் மோகம் பரவியபோது, புளோரிடாவின் கொக்குகளும் நாரைகளும் கூடுகளிலேயே சுட்டுக் கொல்லப்பட்டன. அங்குள்ள இந்தியன் ஆற்றில் கூழைக்கடாக்கள் கூடு கட்டும் சிறு தீவொன்றை, ஜெர்மனியிலிருந்து குடியேறிய படகுத் தச்சர் பால் குரோகல் தம் சொந்த முயற்சியில் காவல் காத்துவந்தார். 1903ஆம் ஆண்டு மார்ச் 14ஆம் தேதி அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் அந்தப் பெலிக்கன் தீவைப் பாதுகாக்கப்பட்ட இடமாக அறிவித்தார். குரோகல் அதன் முதல் காவலரானார். அரசு அதற்குப் பணம் ஒதுக்கவில்லை என்பதால், பறவைப் பாதுகாப்புச் சங்கத்தினர் அவருக்கு மாதம் 1 டாலர் ஊதியம் கொடுத்தார்கள்.

இரண்டு ஆண்டுகள் கழித்து, 1905இல், புளோரிடாவின் தென்கோடியில் பறவைகளைக் காத்துவந்த கை பிராட்லி என்ற காவலர் இறகு வேட்டைக்காரரால் சுட்டுக் கொல்லப்பட்டார்.

இன்று நாடெங்கும் 570க்கும் அதிகமான புகலிடங்கள் உள்ளன. அண்மை ஆண்டுகளில் அவற்றில் ஆண்டுக்கு 6 கோடிக்கும் அதிகமான வருகைகள் பதிவாகின்றன. காவலரின் வேலை பல துறைகளாகப் பிரிந்துவிட்டது. உயிரியலாளர், காவல் அதிகாரி, பராமரிப்பாளர் எனப் பலர் வந்துவிட்டார்கள். மனிதர்களோடு பேசும் பகுதி பார்வையாளர் சேவை ரேஞ்சருக்கு என்றானது.

நீர் ஏறும் நாள்

அவருடைய ஒரு நாள் என்பது வெளியிலிருந்து பார்ப்போர் எண்ணுவதுபோல் பறவைகளுக்கு நடுவே கழிவதில்லை. காலையில் மையத்தைத் திறப்பது, அறிவிப்புப் பலகைகளையும் நடைபாதைகளையும் சரிபார்ப்பது, பள்ளிக் குழுக்களின் வருகையை ஒழுங்குசெய்வது, தன்னார்வலர்களுக்கு முறை வகுப்பது, வருகையாளர் கணக்கெடுப்பது, அனுமதி விண்ணப்பங்களைப் பார்ப்பது என்று பெரும்பகுதி கழிகிறது. ட்ரோன் பறக்கவிட வந்தவரைத் தடுக்கவேண்டும். பறவைக்கு ரொட்டி போடுபவரிடம், அது ஏன் கூடாது என்று ஐம்பதாவது முறையாகவும் முதல் முறை போலவே சொல்லவேண்டும். கூட்டிலிருந்து விழுந்த குஞ்சை என்ன செய்வது என்று கேட்டுத் தொலைபேசி ஒலித்துக்கொண்டிருக்கும். கழிவறை எங்கே என்பதே அதிகம் கேட்கப்படும் கேள்வி.

இயற்கை விளக்கம் என்ற கலைக்கு ஃப்ரீமன் டில்டன் என்ற எழுத்தாளர் 1957இல் வெளியிட்ட நூல் இன்றும் பாடமாக இருக்கிறது. தகவல்களை அடுக்குவது விளக்கம் ஆகாது, கேட்பவரின் சொந்த வாழ்க்கையோடு அது ஒட்டவேண்டும் என்பது அவரது கருத்தின் சாரம். டான் எட்வர்ட்ஸ் புகலிடத்தில் இதற்கு ஒரு நல்ல சோதனை, குளிர்காலத்தில் வரும் பேரோத நாட்கள்.

அமாவாசை அல்லது பௌர்ணமியை ஒட்டிய சில நாட்களில் வளைகுடாவின் நீர்மட்டம் வழக்கத்தைவிட மிக உயரமாக ஏறும். உவர்ச் சதுப்பின் செடிகள் முழுவதும் மூழ்கிவிடும். அச்செடிகளுக்குள் ஒளிந்து வாழும் இரண்டு அருகிய உயிரினங்கள் அப்போது வெளியே வந்தாகவேண்டும். ஒன்று, ரிட்ஜ்வே ரெயில் எனப்படும், கானாங்கோழிக் குடும்பத்தைச் சேர்ந்த பறவை. மற்றொன்று, உப்புநீரையும் குடித்து வாழக்கூடிய சின்னஞ்சிறு சதுப்பு எலி. இந்த வளைகுடாவை ஒட்டிய சதுப்புகளைத் தவிர உலகில் வேறெங்கும் அந்த எலி இல்லை. இரண்டும் கரைமேட்டின் ஓரத்தில், மூழ்காமல் எஞ்சிய ஒரு சில செடிகளின் மறைவில், நீர் வடியும்வரை காத்திருக்கும். பருந்துகளும் நரிகளும் அந்த நேரத்துக்காகவே காத்திருக்கும்.

பறவை ஆர்வலருக்கும் புகைப்படக்காரருக்கும் அந்த அரிய பறவையைப் பார்ப்பதற்கு அதைவிட நல்ல நாள் இல்லை. அந்தப் பறவைக்கோ, மனிதர் நெருங்குவதை அதைவிடத் தாங்க இயலாத நாள் இல்லை. மனிதரைக் கண்டு மிரண்டு மறைவிடத்தை விட்டு ஓடினால் அது பருந்தின் கண்ணில் படும். நாயோடு வந்தவர் நாயைக் கயிற்றில் பிடித்திருந்தாலும் விளைவு ஏறத்தாழ அதுவே.

வெகு தூரம் காரோட்டி வந்து, விலையுயர்ந்த கேமராவோடு நிற்பவரிடம், இன்றைக்கு மட்டும் சற்றுத் தள்ளி நில்லுங்கள் என்று சொல்லி, அவர் கோபித்துக்கொண்டு போகாமல், காரணத்தைப் புரிந்துகொண்டு போகும்படி செய்வதே ரேஞ்சரின் திறமை. பலகை அதைச் செய்யாது. பலகையைப் படிப்பவர் குறைவு.

உப்பளங்களை மீண்டும் சதுப்பாக மாற்றும் திட்டத்துக்கும் இதே வகை விளக்கம் தேவைப்படுகிறது. 2003ஆம் ஆண்டு, வளைகுடாவின் தென்பகுதியில் 15,000 ஏக்கருக்கும் அதிகமான உப்பளங்களை மத்திய, மாநில அரசுகள் கையகப்படுத்தின. பழைய கரைகளை உடைத்துக் கடல்நீரை உள்ளே விடுவதே இப்பணியின் முக்கியப் பகுதி. ஆனால் நடைப்பயிற்சிக்கு வருவோர் நடப்பது அந்தக் கரைகளின் மேல்தான். மறுபக்கம், திறந்த உப்புப் பாத்திகளின் வெறுந்தரையில் முட்டையிடும் ஒருவகை உப்புக்கொத்திப் பறவைக்குச் சில பாத்திகள் பாத்திகளாகவே இருக்கவேண்டும். எந்தக் கரையை உடைப்பது, எதை விடுவது என்பது உயிரியலாளர்களின் முடிவு. உடைந்த கரையின் முன் நின்று பொதுமக்களுக்குப் பதில் சொல்வது வேறொருவர்.

இந்தப் புகலிடமே பொதுமக்களின் கோரிக்கையால் பிறந்தது என்பது இங்கு குறிப்பிடத்தக்கது. வளைகுடாவின் ஓரங்கள் குப்பையாலும் கட்டடங்களாலும் நிரப்பப்படுவதை எதிர்த்து உள்ளூர் மக்கள் நடத்திய இயக்கத்தின் பலனாக, நாடாளுமன்ற உறுப்பினர் டான் எட்வர்ட்ஸ் கொண்டுவந்த சட்டம் 1972இல் நிறைவேறியது. 1995இல் புகலிடத்துக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது.

ஆயுதம் தாங்கியவர்கள் வந்தபோது

மக்கள் ஆதரவு என்பது வெறும் நல்லெண்ண விஷயமல்ல என்பதற்கு ஓரிகான் மாநிலத்தின் மால்யூர் புகலிடம் சான்று. மத்திய அரசு நிலம் வைத்திருப்பதையே எதிர்க்கும் ஆயுதக் குழுவொன்று 2016 ஜனவரி 2ஆம் தேதி அதன் தலைமையகத்தைக் கைப்பற்றி, 41 நாட்கள் ஆக்கிரமித்திருந்தது. ஊழியர்கள் தமது அலுவலகத்துக்குச் செல்ல முடியாமற்போனது. குழுவைச் சேர்ந்த ஒருவர் காவல்துறையினரால் சுட்டுக் கொல்லப்பட்டார்.

பண்ணையாளர்கள் தம்மோடு சேர்ந்துகொள்வார்கள் என்று அக்குழு எதிர்பார்த்தது. அது பெருமளவில் நடக்கவில்லை. புகலிட நிர்வாகம் அதற்கு முன் சில ஆண்டுகளாக அந்த வட்டாரத்துப் பண்ணையாளர்கள், பழங்குடியினர், சூழல் அமைப்பினர் ஆகியோரோடு உட்கார்ந்து பேசி, 2013இல் ஒரு பொதுத் திட்டத்தை வகுத்திருந்தது. ஊர்மக்களில் பலர் ஆக்கிரமிப்பாளர்களைத் திரும்பிப் போகும்படி கேட்டுக்கொண்டார்கள்.

முதலில் குறையும் வேலை

ஆனால் நிதி குறையும்போது பெரும்பாலும் முதலில் கைவைக்கப்படுவது பார்வையாளர் சேவையில்தான். அணையின் மதகு பழுதானால் உடனே தெரியும். ஒரு பள்ளிக்கூடம் வராமல் போனது எவர் கண்ணிலும் படாது.

2011ஆம் ஆண்டிலிருந்து புகலிடங்களின் நிரந்தரப் பணியிடங்களில் சுமார் 800 குறைந்துவிட்டதாக, புகலிடங்களுக்காகக் குரல்கொடுக்கும் அமைப்புகள் கூறிவருகின்றன. பல இடங்களில் இரண்டு, மூன்று புகலிடங்கள் ஒரே நிர்வாகத்தின் கீழ் சேர்க்கப்பட்டுள்ளன. சிலவற்றில் நிரந்தர ஊழியர் எவரும் இல்லை. 2025 பிப்ரவரியில், மத்திய அரசின் ஆட்குறைப்பு நடவடிக்கையில், தகுதிகாண் பருவத்தில் இருந்த ஊழியர்கள் பலர் திடீரென நீக்கப்பட்டபோது, மீன் மற்றும் வனவிலங்குச் சேவையும் அதற்குத் தப்பவில்லை. அதே ஆண்டு அக்டோபர் 1ஆம் தேதி தொடங்கி 43 நாட்கள் நீடித்த அரசு முடக்கத்தின்போது பார்வையாளர் மையங்கள் பல பூட்டிக்கிடந்தன.

பணக் கணக்கில் பார்த்தாலும் இது விந்தையானது. 2017 நிதியாண்டில் புகலிடங்களுக்கு வந்தவர்களால் சுற்றுவட்டாரங்களில் 320 கோடி டாலர் பொருளாதார நடவடிக்கை நடந்ததாகவும், 41,000க்கும் அதிகமான வேலைகளுக்கு அது ஆதாரமாக இருந்ததாகவும் அரசின் சொந்த அறிக்கையே கூறியது. ஆண்டுதோறும் இந்த அமைப்புக்கு ஒதுக்கப்படும் தொகை 50 கோடி டாலரைச் சற்றே தாண்டும் அளவுதான்.

குறைந்துபோன கைகளுக்குப் பதிலாக இன்று பல மையங்களைத் திறந்துவைத்திருப்பவர்கள் தன்னார்வலர்கள். அவர்களில் ஓய்வுபெற்றவர்கள் அதிகம். அவர்களுக்குப் பயிற்சி தந்து, வேலை பிரித்துக்கொடுக்க ஒரு ரேஞ்சராவது வேண்டும் என்பதுதான் சிக்கல்.

இப்பணியில் சேர விரும்புவோர் பெரும்பாலும் ஆறு மாதத்துக்கு மேற்படாத பருவகால வேலைகளில் தொடங்கி, ஊர் ஊராக மாறி, பல ஆண்டுகள் கழித்தே நிரந்தரமாகிறார்கள். பட்டதாரி ஒருவர் நுழையும் படிநிலை மத்திய அரசின் ஊதிய ஏணியில் கீழ்ப்பகுதியில் உள்ளது. சிலிக்கான் பள்ளத்தாக்கின் வீட்டு வாடகையை அந்த ஊதியத்தில் கொடுப்பது கடினம். மத்திய அரசுப் பணிக்குப் பொதுவாக அமெரிக்கக் குடியுரிமை வேண்டும் என்பதால், வேலை விசாவில் வந்த பெற்றோருக்கு இந்தக் கதவு திறக்காது. சான் ஹோசேயின் விளிம்பில், ஆல்விசோவில் உள்ள புகலிடத்தின் கல்வி மையத்துக்குப் பள்ளி வகுப்போடு வந்து, சேற்றில் இறங்கி நீரை எடுத்துப் பார்த்துச் செல்லும் அவர்களின் குழந்தைகளுக்குத் திறக்கலாம். அந்த வேலை அப்போது இருக்குமானால்.