கொல்லையில் கட்டிய விமானம் கடல் தாண்டியது எப்படி?

சிவகாசிக்கு அலுமினியம் என்றால் தூள். மத்தாப்பின் வெள்ளை வெளிச்சத்துக்கும், வானத்தில் வெடித்துச் சிதறும் பேன்ஸி ரகங்களின் பளபளப்புக்கும் அந்தத் தூள் வேண்டும். அதே உலோகத்தைத் தகடாக வாங்கி, ரிவெட் அடித்து, வீட்டுக் கொல்லையிலேயே விமானமாக்கினார் ஆலப்புழைக்காரரான அசோக் தாமராக்ஷன். இங்கிலாந்தின் எசெக்ஸில் குடியிருக்கும் மெக்கானிக்கல் எஞ்சினியர் அவர். தென்னாப்பிரிக்காவின் ஸ்லிங் நிறுவனம் நான்கு பேர் அமரும் விமானத்தைப் பாகம் பாகமாக, கிட் வடிவில் விற்கிறது. 2020 பொதுமுடக்கத்தின்போது பெட்டிகள் வந்து இறங்கின. கட்டி முடிக்கச் சுமார் ஒன்றரை ஆண்டு பிடித்தது. 2022 பிப்ரவரியில் முதன்முதலாக மேலேறியபோது அந்த விமானம் வானில் இருந்தது 20 நிமிடம். சில மாதங்களிலேயே அதில் அவர் ஜெர்மனி, ஆஸ்திரியா, செக் குடியரசு வரை போய் வந்துவிட்டார்.

அந்த 20 நிமிடத்துக்கும் மூன்று நாட்டுப் பயணத்துக்கும் நடுவில் நடப்பதைத்தான் நாம் தெரிந்துகொள்ள வேண்டும். கட்டிய கதையைச் செய்தித்தாள்கள் ஆசையோடு எழுதின. விமானி உயிரோடு திரும்பி வருவதைத் தீர்மானிப்பது அதற்குப் பிந்தைய கதை.

பிரிட்டனில் வீட்டில் விமானம் கட்டுகிறவரின் வேலையை லைட் ஏர்கிராஃப்ட் அசோசியேஷன் என்ற அமைப்பின் ஆய்வாளர் கட்டம் கட்டமாக வந்து பார்ப்பார். இறக்கையின் உட்புறத்தை அவர் பார்த்துக் கையெழுத்திட்ட பிறகே மேல்தகட்டை மூடலாம். அமெரிக்காவில் கட்டி முடித்த பிறகு பொதுவாக 40 மணி நேரச் சோதனைப் பறத்தல் உண்டு. சான்று பெற்ற எஞ்சினும் புரொப்பெல்லரும் சேர்ந்த ஜோடி என்றால் 25 மணி நேரம். ஆள் நடமாட்டம் குறைந்த, முன்பே வரையறுத்த பகுதிக்குள்தான் அந்தப் பறத்தல் நடக்க வேண்டும். பயணிகளை ஏற்றக் கூடாது. பட்டாசு ஆலையில் மருந்து செலுத்தும் அறைக்கு நான்கு பேருக்கு மேல் கூடாது, அறைக்கும் அறைக்கும் இடைவெளி வேண்டும் என்ற விதி எதற்கென்று சிவகாசியில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. ஓரிடத்தில் நேரும் பிழை அந்த இடத்தோடு நிற்க வேண்டும். சோதனைப் பறத்தலின் நியாயமும் இதேதான்.

அந்த மணி நேரங்களில் விமானி தன் விமானத்தைப் படிக்கிறார். இது எந்த வேகத்தில் தூக்கும் சக்தியை இழக்கிறது, ஒரு மணி நேரத்தில் உண்மையில் எத்தனை லிட்டர் குடிக்கிறது, ஏறும்போது எண்ணெயின் சூடு எங்கே போய் நிற்கிறது? தயாரிப்பாளரின் கையேடு தருவது அவர்கள் கட்டிய விமானத்தின் கணக்கு. நாம் கட்டியதன் கணக்கை நாமேதான் எடுக்க வேண்டும்.

இதில் பெரிய எடுத்துக்காட்டு வாயேஜர் விமானம். 1986 டிசம்பர் 14 அன்று டிக் ரூட்டனும் ஜீனா யேகரும் கலிபோர்னியாவின் எட்வர்ட்ஸ் தளத்திலிருந்து கிளம்பி, நடுவில் எரிபொருள் நிரப்பாமல் உலகைச் சுற்றி, ஒன்பது நாளில் அங்கேயே வந்து இறங்கினார்கள். மூவாயிரம் கிலோவுக்கு மேல் எரிபொருள் சுமந்த பாரத்தில் இறக்கை நுனிகள் ஓடுபாதையில் உரசித் தேய்ந்தன. அப்படியும் போய் வந்தார்கள். அதற்கு ஐந்து மாதம் முன்பு, ஜூலையில், கலிபோர்னியக் கடலோரத்திலேயே திரும்பத் திரும்பச் சுற்றி 111 மணி நேரம் அவர்கள் பறந்திருந்தது பலருக்குத் தெரியாது. வீட்டுப் பக்கத்திலேயே நான்கரை நாள் பறந்து பார்த்த பிறகுதான் உலகம் சுற்றக் கிளம்பினார்கள்.

காகித வேலை தனி. 1944 சிகாகோ உடன்படிக்கைப்படி, சர்வதேசத் தரத்தில் தகுதிச் சான்று பெற்ற விமானத்தை எல்லா உறுப்பு நாடுகளும் ஏற்க வேண்டும். வீட்டில் கட்டிய விமானத்துக்கு அந்தச் சான்று கிடையாது. எல்லை தாண்ட வேண்டுமானால் ஒவ்வொரு நாட்டின் இசைவும் தேவை. ஐரோப்பிய நாடுகள் இத்தகைய விமானங்களைத் தமக்குள் அனுமதிக்க 1980-லேயே ஒரு பரிந்துரை செய்துகொண்டன. எசெக்ஸில் கட்டிய விமானம் ஆஸ்திரியாவில் இறங்குவதற்கு அப்படி ஒரு பாதை முன்பே போடப்பட்டிருந்தது.

இங்கே அந்தப் பாதை கரடுமுரடு. விமானி அமோல் யாதவ் மும்பை காந்திவலியில் தன் குடியிருப்பு மொட்டை மாடியில் ஆறு இருக்கை விமானம் கட்டினார். 2016-இல் 'மேக் இன் இந்தியா' கண்காட்சியில் அதை நாடே பார்த்தது. ஆண்டுக்கணக்கில் காத்திருந்த பதிவு எண் 2017-இல்தான் கையில் வந்தது. பறக்கும் அனுமதிக்கு 2019 வரை ஆனது. கைத்திறனுக்கு இந்த நாட்டில் பஞ்சமில்லை. 1910-லேயே சென்னையில் ஓட்டல் நடத்திய தாஞ்செலிஸ், சிம்ப்சன் கம்பெனியின் துணையோடு ஒரு விமானம் கட்டிப் பல்லாவரத்தில் பறக்கவிட்டார். கட்டக் கட்டப் பார்த்து, சரி என்றோ இல்லை என்றோ உடனே சொல்லும் ஆய்வு முறைதான் இங்கே இல்லாத குறை. அதை ஏற்படுத்தாமல் கட்டுகிறவரைக் காக்க வைப்பது பாதுகாப்பு ஆகாது.

விருதுநகர்க்காரர் ஒருவர் எல்லா அனுமதியும் பெற்று, மதுரையிலிருந்து திருவனந்தபுரத்துக்கு முதல் தொலைதூரப் பயணம் கிளம்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். நேர்கோட்டில் சுமார் 200 கிலோமீட்டர். ஸ்லிங் போன்ற விமானத்துக்கு முக்கால் மணி நேரம் போதும்.

முதல் எதிரி வெயில். மதுரை விமான நிலையம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 460 அடி உயரத்தில் இருக்கிறது. வெப்பம் 40 டிகிரியைத் தொட்டால் காற்று லேசாகி, 3,500 அடி உயரத்தில் இருப்பதுபோல விமானம் நடந்துகொள்ளும். ஓடுபாதையில் கூடுதல் தூரம் ஓடும், மந்தமாக ஏறும். அதனால் விடியலில் கிளம்புவதே அறிவு. சூரியன் இறங்கிய பிறகு, கண்ணால் பார்த்துப் பறக்கும் விதியின் கீழ் இந்தியாவில் பறக்க முடியாது. கிளம்பும் முன் பயணத் திட்டம் கொடுத்து, வான் பாதுகாப்பு அனுமதி எண்ணும் வாங்கியிருக்க வேண்டும்.

வழி காட்ட நான்குவழிச் சாலை இருக்கிறது: விருதுநகர், சாத்தூர், வைப்பாறு, கோவில்பட்டி. மேலிருந்து பார்த்தால் கரிசலில் தள்ளித் தள்ளி நிற்கும் சின்னச் சின்னக் கட்டடங்கள் தெரியும். அவை பட்டாசு ஆலைகள். எஞ்சின் நின்றால் எங்கே இறங்குவது என்ற கேள்வியை விமானி நிமிடத்துக்கு ஒருமுறை கேட்டுக்கொண்டே போக வேண்டும். இத்தகைய விமானம் தன் உயரத்தைப்போல ஒன்பது பத்து மடங்கு தூரம் சறுக்கும். 5,000 அடியில் இருந்தால் கைவசம் 14, 15 கிலோமீட்டர். அந்த வட்டத்துக்குள் ஆலை இருக்கும், மின்கம்பி இருக்கும், சீமைக் கருவேலங்காடு இருக்கும். கோடையில் கரிசல் வெடித்துக் கிடக்கும். மழை பெய்துவிட்டால் சக்கரத்தைக் கவ்விப் பிடித்து விமானத்தையே குப்புறக் கவிழ்த்துவிடும். ஆலைகள் நிறைந்த பகுதியைச் சுற்றிக்கொண்டு போக ஐந்து நிமிடம் கூடுதலானால் ஆகட்டும்.

பிறகு மலை. ஜூன் முதல் செப்டம்பர் வரை செங்கோட்டைக் கணவாய் வழியாகப் பாயும் மேல்காற்றுதான் கயத்தாற்றுக் காற்றாலைகளைச் சுழற்றுகிறது. மலை தாண்டி நம் பக்கம் இறங்கும் அந்தக் காற்று சிறு விமானத்தைக் கீழே அமுக்கும். மலைமுகட்டுக்கு மேல் இரண்டாயிரம் அடியாவது உயரம் வைத்து, முகட்டை நேராகச் சந்திக்காமல் சாய்வாக நெருங்க வேண்டும். நிலைமை சரியில்லை என்றால் சிறு திருப்பத்திலேயே சமவெளிக்குத் திரும்பிவிடலாம்.

எரிபொருளைப் போகும் இடத்திலும் கேட்டு உறுதிசெய்துகொள்ள வேண்டும். பிஸ்டன் எஞ்சினுக்கான விமானப் பெட்ரோலை இந்தியன் ஆயில் உள்நாட்டிலேயே தயாரித்து அறிமுகப்படுத்தியது 2022-இல்தான். அதுவரை எல்லாம் இறக்குமதி. ஸ்லிங்கில் வரும் ரோட்டாக்ஸ் எஞ்சின் சாதாரணப் பெட்ரோலிலும் ஓடும். ஆனால் எத்தனால் 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. நம் பங்க்குகளில் இப்போது வருவது 20 சதவீதக் கலவை.

இறங்கியதும் எஞ்சின் மூடியைக் கழற்றிப் பார்க்க வேண்டும். எண்ணெய் கசிகிறதா, ரப்பர்க் குழாய் எதிலாவது உரசுகிறதா, புகைபோக்கியில் கீறல் உண்டா? முக்கால் மணி நேர அதிர்வு, பட்டறையில் கண்ணுக்குத் தப்பியதை எல்லாம் வெளியே கொண்டுவந்துவிடும். திரும்பும் நாளில் மலை மேல் மேகம் கட்டியிருந்தால் விமானத்தை அங்கேயே கயிற்றால் கட்டிப் போட்டுவிட்டு ரயிலில் ஊர் திரும்பலாம். தீபாவளிக்குள் வீடு சேர்ந்தாக வேண்டும் என்ற தவிப்பில் மேகத்துக்குள் நுழைந்து மலையில் மோதியவர்கள் எல்லா நாட்டிலும் உண்டு. ரயில் கட்டணத்தையும், வானம் தெளிந்த பின் விமானத்தை எடுக்கப் போய்வரும் நாளையும் பயணத்தின் கணக்கிலேயே சேர்த்துக்கொண்டு கிளம்ப வேண்டும்.