அட்டவணையில் இல்லாத ஈகாரம்

'பிரிக்ஃபீல்ட்ஸ்' என்று கணினியில் தேடும்போது, அது ஒரே சொல் என்பதே கணினிக்குத் தெரிய வேண்டியிருக்கிறது. யூனிகோடு கணக்கில் 'பி'யில் உள்ள இகரம் எழுத்தல்ல, குறி. எழுத்தல்லாத ஒன்று வந்தாலே சொல் முடிந்துவிட்டது என்று எண்ணும் மென்பொருள், கோலாலம்பூர்த் தமிழர்களின் இந்த வட்டாரத்தைத் துண்டு துண்டாக்கிவிடும்.

போஸ்ட்கிரெஸ் என்ற திறமூலத் தரவுத்தளம் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறது. ரஷ்யர்களான ஓலெக் பார்துனோவும் தியோடர் சிகாயெவும் உருவாக்கிய உரைத்தேடல், 2008-இல் வந்த 8.3 பதிப்பில் அதன் உள்ளேயே சேர்ந்தது. அதில் சொல்லைப் பிரிக்கும் நிரலில் ஓர் அட்டவணை உண்டு: எழுத்தல்ல, ஆனாலும் சொல்லை உடைக்கக் கூடாத குறிகள். தமிழின் ா, ி, ு எல்லாம் அதில் இருக்கின்றன. ீ இல்லை. புள்ளியும் இல்லை.

கிள்ளானில் ஒரு தமிழ்ப்பள்ளி நூலகப் பட்டியலுக்கு நிரல் எழுதும் இளைஞர் இதைக் கண்டால் துள்ளிக் குதிப்பார். ஒரே வரித் திருத்தம்! ஆனால் அனுப்பப்படும் திருத்தங்களைச் சரிபார்ப்பவர் அட்டவணைக்கு மேலே உள்ள வரிகளையும் படிப்பவர். தனியாக இடம் பிடிக்காத குறிகளை அந்த வரிகள் முன்பே அனுமதித்துவிடுகின்றன. யூனிகோடு ஈகாரக் குறியையும் புள்ளியையும் அந்த வகையில்தான் வைத்திருக்கிறது. (இகரம் ஒரு வகை, ஈகாரம் வேறு வகை. இலக்கணப் புலவர்கள் கேட்டால் சண்டைக்கு வருவார்கள்.) ஆக, அந்த வரியால் கெடுதல் இல்லை, பயனும் இல்லை. நானாக இருந்தால் அதை மறுத்துவிட்டு, 'பிரிக்ஃபீல்ட்ஸ்' என்ற சொல்லையே ஒரு சோதனையாகச் சேர்த்து அனுப்பச் சொல்வேன். இரண்டு வகைக் குறிகளும் அதில் இருக்கின்றன.

'கிள்ளானில்', 'கிள்ளானுக்கு' இரண்டையும் 'கிள்ளான்' என்று குறைப்பது வேறு பகுதியின் வேலை. ஸ்னோபால் என்ற தனித் திட்டத்தின் தமிழ் விதிகள் 2019-இல், போஸ்ட்கிரெஸின் 12-ஆம் பதிப்பில் வந்து சேர்ந்தன. இங்கே உருபு ஒன்று தவறாக வெட்டுப்பட்டாலும் போஸ்ட்கிரெஸ்ஸில் கை வைக்க முடியாது. அங்குள்ள கோப்புகள் ஸ்னோபாலிலிருந்து தானாக உருவாக்கப்பட்டவை. அடுத்த முறை புதுப்பிக்கையில் திருத்தம் அழிந்துபோகும். அதனால் மூலத் திட்டத்துக்கே போகச் சொல்வார்கள்.

அங்கே ஏற்றுக்கொண்டாலும் உடனே எல்லாருக்கும் தந்துவிட முடியாது. பழைய விதிப்படி வெட்டிய சொற்கள் பயனர்களின் தேடல் குறியீட்டில் ஏற்கெனவே சேமிப்பாகி இருக்கும். விதி மட்டும் மாறினால், புதிதாக வெட்டிய சொல் பழைய சேமிப்பில் பொருந்தாமல், நேற்றுவரை கிடைத்த புத்தகம் இன்று கிடைக்காது.

நிரலுக்கு மட்டுமல்ல, ஆவணத் திருத்தத்துக்கும் இதே கெடுபிடிதான்: எடுத்துக்காட்டை உண்மையிலேயே ஓட்டி, காட்டிய விடை வருகிறதா என்று பார்க்க வேண்டும்.