எலிஃபெண்டா சிவனுக்கு எத்தனை முகம்?

ஊரிலிருந்து விருந்தினர் வந்தால், கேட்வே ஆஃப் இந்தியாவில் படகேறி, ஒரு மணி நேரப் பயணத்தில் எலிஃபெண்டா குகைக்கு அழைத்துச் செல்வது மும்பைத் தமிழர்களாகிய நம் வழக்கம். 6-ஆம் நூற்றாண்டில் பாறையைக் குடைந்து அமைத்த இந்தக் குகைக் கோயில், 1987-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. உள்ளே சுமார் 20 அடி உயரத்தில் இருக்கும் மூன்று முகச் சிற்பத்துக்குத் 'திரிமூர்த்தி' என்ற பெயர் நிலைத்துவிட்டது. பிரம்மா, விஷ்ணு, சிவன் என்று சொல்லி நகர்ந்துவிடுகிறோம்.

ஆனால் அம்மூன்றுமே சிவபெருமானின் முகங்கள் என்பதுதான் ஆய்வாளர்கள் கொண்ட முடிவு. நடுவில் தியானத்தில் ஆழ்ந்திருப்பது தத்புருஷம். நமக்கு இடப்புறம், மீசையும் சினமுமாகப் பாம்பைப் பற்றியிருப்பது அகோரம். வலப்புறம், தாமரை மொட்டு ஏந்திப் பெண்மையின் நளினத்தோடு விளங்குவது வாமதேவம். நான்காவதான சத்யோஜாதம் பின்புறம் பாறைக்குள் இருப்பதாகக் கொள்ள வேண்டும். ஐந்தாவதான ஈசானம் மேல்நோக்கியது. சிற்பி இவ்விரண்டையும் செதுக்கவில்லை. ஐந்தும் சேர்ந்ததே சதாசிவ வடிவம்.

படைத்தல், காத்தல், அழித்தல், மறைத்தல், அருளல் என்னும் ஐந்தொழிலையும் இம்முகங்களோடு சேர்த்துச் சொல்வது சைவ மரபு. அவற்றுள் அருளல், கண்ணுக்குத் தெரியாத ஈசானத்துக்கு உரியது. 28 சிவாகமங்களில் மற்ற நான்கு முகங்களும் ஐந்தைந்து அருள, ஈசானம் மட்டும் எட்டு அருளியது என்பர்.

இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த என் மகள், "நம்ம கோயில்ல லிங்கத்துக்கு ஒரு முகம்கூட இல்லையேப்பா?" என்றாள். நல்ல கேள்வி! லிங்கத்துக்கு அபிஷேகம் செய்யும்போது குருக்கள் சொல்லும் ஐந்து மந்திரங்கள் இந்த ஐந்து முகங்களுக்கும் உரியவை. நம் கண்ணுக்குக் கல்லாகத் தெரிவதில் அவர் ஐந்து முகங்களைப் பாவிக்கிறார். அந்த ஐந்தோடு கீழ்நோக்கிய அதோமுகமும் சேர, ஆறு முகங்களின் நெற்றிக்கண்களிலிருந்தும் எழுந்த பொறிகளே ஆறுமுகன் ஆயின என்கிறது கந்தபுராணம். "அப்போ பாட்டி கும்பிடற முருகனும் இங்கேயிருந்துதான் வந்தாரா?" என்று வியந்தாள்.

ஊரில் என்றால் இவற்றைத் தாத்தா சொல்லியிருப்பார். கோயில் கதாகாலட்சேபத்தில் காதில் விழுந்திருக்கும். இங்கே வளரும் நம் பிள்ளைகளுக்கு நாம் சொன்னால்தான் உண்டு. சொல்லாவிட்டால் வீட்டு முருகன் வெறும் காலண்டர் படம். எலிஃபெண்டா வெறும் பிக்னிக்.

அடுத்த முறை போகும்போது நேராகப் பெரிய சிற்பத்திடம் ஓடாதீர்கள். அதே குகையில் நான்கு திசைக்கும் வாசல் வைத்த லிங்கச் சந்நிதி ஒன்று இருக்கிறது. வாசலுக்கு இருவராகத் துவாரபாலகர்கள் காவல் நிற்கிறார்கள். குழந்தைகளை முதலில் அதைச் சுற்றி அழைத்து வாருங்கள். எந்த வாசலில் நின்றாலும் சுவாமி நம்மைப் பார்க்கிறார் என்பதை அவர்களே கண்டுகொள்வார்கள். பிறகு மூன்று முகங்களைக் காட்டி, மீதி இரண்டு எங்கே என்று கேளுங்கள்.

திங்கட்கிழமை மட்டும் போகாதீர்கள். அன்று குகைக்கு விடுமுறை!