பெய்த மழை எதற்குச் சாட்சி?

சென்ற வாரம் ஜூன் 12 பற்றிப் பேசினோம். குறுவைக்காக மேட்டூர் அணையைத் திறக்க வேண்டிய அந்த நாளில், 2012 முதல் 2019 வரை எட்டு ஆண்டுகள் தொடர்ந்து மதகு திறக்கவில்லை. தண்ணீர் வராத ஆண்டில் காவிரி டெல்டா சும்மா இருப்பதில்லை. கொடும்பாவி கட்டித் தெருத்தெருவாக இழுத்து ஒப்பாரி வைப்பார்கள். வீடு வீடாக மழைக்கஞ்சி எடுப்பார்கள். விராட பருவம் படிப்பார்கள். திடலில் கூடி மழைத் தொழுகை நடத்துவார்கள், தேவாலயங்களில் மழைக்காகச் செபிப்பார்கள். 2019 ஏப்ரல் இறுதியில் இந்து சமய அறநிலையத் துறை இந்த வேண்டுதலை ஒரு சுற்றறிக்கையாகவே கோயில்களுக்கு அனுப்பியது. பர்ஜன்ய யாகம், வருண ஜபம், நந்தியைச் சுற்றித் தொட்டி கட்டிக் கழுத்தளவு நீர் நிரப்பிப் பூஜை, திருஞானசம்பந்தரின் மழைப் பதிகங்கள், நாகசுரத்திலும் வீணையிலும் அமிர்தவர்ஷிணி, மேகவர்ஷிணி, கேதாரம், ஆனந்தபைரவி, ரூபகல்யாணி என்று அதில் எல்லாம் வரிசையாக இருந்தன.

அந்த ஆண்டு என்ன நடந்தது? ஜூனில் நாடு முழுக்க மழை வழக்கத்தைவிட மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. சென்னை குடங்களோடு தெருவில் நின்றது. ஆகஸ்டில் மேற்குத் தொடர்ச்சி மலையில் மழை கொட்டியது, கர்நாடக அணைகள் நிரம்பின, ஆகஸ்ட் 13 அன்று மேட்டூர் திறந்தது, செப்டம்பர் முதல் வாரத்தில் நீர்மட்டம் 120 அடியைத் தொட்டது. பம்புசெட் இல்லாதவர்களுக்குக் குறுவை போனது போனதுதான். சம்பா பிழைத்தது. வேண்டினோம், வந்தது என்று நம்பியவர்கள் ஏராளம். அவர்களுடைய நம்பிக்கை என் ஆராய்ச்சிப் பொருள் அல்ல. அந்த மழையை ஒரு சான்றாக எடுத்துவைக்க முடியுமா என்பது மட்டுமே இந்த வாரக் கேள்வி. முடியாது என்பதே என் முடிவு.

முதல் தடை, நாம் எந்த மழையைக் கேட்டோம் என்பதிலேயே இருக்கிறது. தஞ்சாவூர் வயலுக்கு ஜூன், ஜூலையில் வேண்டியது தஞ்சாவூரில் பெய்யும் மழை அல்ல. குடகிலும் வயநாட்டிலும் பெய்து, கிருஷ்ணராஜ சாகரிலும் கபினியிலும் தேங்கி, பிலிகுண்டுலுவைத் தாண்டி வரும் தண்ணீர். அதில் எவ்வளவு நமக்கு என்பதை 2018 பிப்ரவரி 16 அன்று உச்ச நீதிமன்றம் 177.25 டி.எம்.சி. என்று தீர்த்தது. ஐப்பசியில் வேண்டியதோ வேறொரு பருவத்தின் மழை, அது வங்கக் கடலிலிருந்து வருவது. ஆகவே வேண்டுதல் பலித்ததா என்று பார்க்க ஆடுதுறையில் மழைமானியைப் பார்ப்பதா, மடிகேரியில் பார்ப்பதா, மேட்டூர் நீர்மட்டத்தைப் பார்ப்பதா? முன்கூட்டியே சொல்லாவிட்டால் எங்கே எப்போது பெய்தாலும் அது பதிலாகிவிடும். இன்னொன்றும் இருக்கிறது, அது என்னை மிகவும் உறுத்துகிறது. 2019 ஆகஸ்டின் அதே மழைநாட்களில்தான் வயநாட்டின் புத்துமலை சரிந்து மனிதர்களைப் புதைத்தது. குடகிலும் மண் சரிந்தது. அணையை நிரப்பிய மழையை வேண்டுதலின் கணக்கில் எழுதுகிறவர், அந்தச் சாவுகளையும் அதே கணக்கில் எழுதச் சம்மதிப்பாரா? யாரும் சம்மதிக்கமாட்டார்கள், சம்மதிக்கவும் கூடாது. அப்படியானால் வரவை மட்டும் எழுதி வைப்பது கணக்காகாது.

இரண்டாவது தடை இன்னும் நுட்பமானது. யாகமும் கொடும்பாவியும் மழை நன்றாகப் பெய்கிற ஆண்டில் நடப்பதில்லை; நிலம் வெடித்த பிறகே நடக்கின்றன. மிக மோசமான நிலையை அடைந்த எந்த அளவும் அடுத்து பெரும்பாலும் சராசரியை நோக்கித்தான் திரும்பும். அதிலும் நம் யாகங்கள் சித்திரை, வைகாசியில் நடக்கின்றன. பருவக்காற்று வரும் காலமே அதுதான். பத்தாண்டுகளின் மழைக்கணக்கையும் வேண்டுதல் கணக்கையும் ஒரே தாளில் எழுதிப் பார்த்தால், வேண்டுதல் மிகுந்த ஆண்டுகளே மழை குறைந்த ஆண்டுகளாக இருக்கும். அதை வைத்து வேண்டுதல்தான் மழையை விரட்டுகிறது என்று எவனாவது சொன்னால் அபத்தம் என்போம். சரியாகவே சொல்வோம். ஆனால் அதே தாளை வைத்துக்கொண்டு வேண்டுதல் மழையைக் கொண்டுவந்தது என்று சொல்வதும் அதே தவறுதான்.

அப்படியென்றால் சரியான சோதனை எப்படி இருக்கும்? மழை விஷயத்தில் அதற்கு முன்மாதிரி உண்டு. மேக விதைப்பு உண்மையில் மழையைக் கூட்டுகிறதா என்று பார்க்க, புனேயின் வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனம் 2018, 2019 ஆண்டுகளில் மழை மறைவுப் பகுதியான சோலாப்பூரில், தகுதியான மேகங்களில் எதில் தூவுவது, எதை விடுவது என்பதைக் குலுக்கல் முறையில் தீர்மானித்து இரண்டு வகையையும் ஒப்பிட்டது. விமானமும் உப்புத்துகளும் கொண்ட முறைக்கே இந்த ஒப்பீடு தேவைப்பட்டது. பிரார்த்தனைக்கும் இதைச் செய்து பார்த்திருக்கிறார்கள். ஹார்வர்டின் ஹெர்பர்ட் பென்சன் தலைமையில் ஆறு அமெரிக்க மருத்துவமனைகளில் 1,802 இதய பைபாஸ் நோயாளிகளை மூன்று பிரிவாகப் பிரித்தார்கள். தங்களுக்காகப் பிரார்த்தனை நடக்கலாம், நடக்காமலும் போகலாம் என்று சொல்லப்பட்டவர்களில், பிரார்த்தனை நடந்த பிரிவில் 52 சதவீதத்தினருக்கும் நடக்காத பிரிவில் 51 சதவீதத்தினருக்கும் அறுவைக்குப் பின் சிக்கல் வந்தது. நடப்பது உறுதி என்று தெரிந்திருந்த பிரிவில் அது 59 சதவீதம். முடிவு 2006-ல் வெளியானது. இதைப் படித்துவிட்டுப் பிரார்த்தனை பொய் என்று அறிவியல் நிரூபித்துவிட்டதாக எழுதியவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. பிரார்த்தனை இல்லை என்று வகுக்கப்பட்ட நோயாளிக்காக அவருடைய தாயோ பிள்ளையோ வேண்டாமல் இருந்திருப்பார்களா? முன்பின் தெரியாத குழுக்கள் வேண்டியதால் கூடுதல் பலன் தெரியவில்லை, அவ்வளவுதான் அந்த ஆய்வு சொல்வது. டெல்டாவில் இந்தச் சிக்கல் பல மடங்காகும். எந்த ஊரிடம் போய், சோதனைக்காக இந்த ஆண்டு உங்கள் மாரியம்மனிடம் ஒன்றும் கேட்காதீர்கள் என்று சொல்வது? சொன்னாலும் யார் மனசுக்குக் காவல் நிற்பது?

கடவுளைச் சோதிப்பதே தவறு, அவர் கூண்டில் ஏற்றப்படும் சாட்சி அல்ல என்று பக்தர்கள் சொல்வதுண்டு. அந்த மறுப்பை நான் மதிக்கிறேன். ஆனால் அது இரண்டு பக்கமும் வெட்டும். சோதனைக்கு அப்பாற்பட்டது என்றால், பெய்த மழையை அத்தாட்சியாகக் காட்டும் உரிமையும் போய்விடும். இன்னும் சிலர், மழை வராவிட்டாலும் ஊர் ஒன்றாகக் கூடி நிற்கிறதே, மனசு ஆறுகிறதே, அது பலன் இல்லையா என்கிறார்கள். பலன்தான். சாதி பார்த்துத் தள்ளி நிற்கும் தெருக்கள் ஒரே கவலைக்காகத் தவிப்பதற்கு நிச்சயம் மதிப்பு உண்டு. ஆனால் அது மழையைப் பற்றிய கூற்று அல்ல, மனிதர்களைப் பற்றியது. ஒன்றுக்குக் கிடைத்த ஆதாரத்தை மற்றொன்றுக்கு மாற்றிக்கொள்ள முடியாது.

நம்பிவிட்டுப் போகட்டுமே, யாருக்கு என்ன நஷ்டம் என்பதுதான் கடைசியாக வரும் கேள்வி. நஷ்டம் 2016-ல் தெரிந்தது. வடகிழக்குப் பருவமழை வழக்கத்தைவிட 62 சதவீதம் குறைந்து, 2017 ஜனவரி 10 அன்று மாநிலத்தின் எல்லா மாவட்டங்களையும் வறட்சி பாதித்தவையாக அரசு அறிவித்தது. நாகப்பட்டினத்திலும் திருவாரூரிலும் விவசாயிகளின் சாவுச் செய்திகள் தொடர்ந்து வந்தன. 2019-ல் பெய்தது வேண்டுதலுக்குக் கிடைத்த பதில் என்றால், 2016-ல் கருகிய சம்பாவின் ஓரத்தில் நின்றவருக்குக் கிடைத்ததும் ஒரு பதில் என்றாகிவிடும். அவர் குறைவாக வேண்டினார் என்றோ, அவருடைய ஊரில் குற்றம் இருந்தது என்றோ சொல்ல வேண்டிவரும். பாவம் செய்தவனின் உருவம் என்று கொடும்பாவியை இழுக்கும் வழக்கத்துக்குள் அந்த எண்ணம் ஏற்கெனவே இருக்கிறது. பயிரையும் இழந்த மனிதர்மேல் அந்தப் பழியையும் ஏற்றுவதை என்னால் ஏற்க முடியாது. அவரிடம் குறை ஒன்றும் இல்லை. அந்த ஆண்டு காவிரியின் நீர்ப்பிடிப்பில் தென்மேற்குப் பருவமழை குறைந்தது, மேட்டூர் செப்டம்பர் 20 அன்றுதான் திறந்தது, அதன் பிறகு ஐப்பசி, கார்த்திகை மழையும் வரவில்லை.